பவர்குப்பத்தில் சிக்னல் பார்த்தது

சிம்மா, மெஷ்ஷா, லோராவா என்று
வெள்ளிக்கிழமைக்குள் எழுதித்தர வேண்டும்.
ஒரு பக்கம் போதும் என்றார்கள்.
நானோ ஒன்பது நாளாகக் காசிமேட்டில்
மாடிப்படிகளுக்கு அடியில் தலையை விட்டபடி இருக்கிறேன்.

மீட்டரை மாட்டுகிற இடம்
வேறெதற்கும் உதவாத இடம்.
மேலே சுருட்டிய வலை, கீழே காலி ஐஸ்பெட்டி,
பக்கத்தில் இரண்டு நீல டிரம் நிறையத் தண்ணீர்.
தண்ணீர் அலையைக் குடிக்கும்.
லாரி வந்த மறுநாள் நூற்றுப் பதினெட்டு,
டிரம் காலியான அன்று நூற்றிரண்டு,
இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி.
குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில்
சிக்னல் அருமையாக இருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

சிம்தான் முதலில் போட்டுப் பார்த்தேன்.
காலையில் நன்றாகப் பேசியது.
பதினொரு மணிக்குத் துறைமுகம் போகிற கண்டெய்னர்கள்
சாலையில் வரிசை கட்டி நின்றன.
டிரைவர்கள் கைலியை மடித்துக்கொண்டு டீ குடித்தார்கள்.
டவர் அந்தப் பக்கம், மீட்டர் இந்தப் பக்கம்,
நடுவே எந்த நாட்டுக்கோ போகிற சரக்கு
நாலு மணிவரை நகரவில்லை.

லோராவுக்கு உயரம் வேண்டும்.
ஐஸ் பேக்டரிக்காரர் டேங்க்குக்கு வாடகை கேட்டார்.
மாதா கோயில் ஃபாதர்
"கொடியேத்தத்துக்கு இடிக்காம இருந்தாச் சரி" என்றார்.
கட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாளே
ஆன்டெனாவின் கழுத்தில் பச்சையாய்ப் பூத்திருந்தது.
இங்கே எதை வைத்தாலும்
கடல் ஒருமுறை நக்கிப் பார்க்கும்.

மிச்சம் மெஷ்.
டவரை எதிர்பார்க்காது.
தன் கணக்கைப் பக்கத்து வீட்டு மீட்டரிடம் சொல்லும்,
அது அதற்கடுத்ததிடம்.
கைமாறிக் கைமாறிக் கம்பத்துப் பெட்டிக்குப் போய்ச்சேரும்.
டெய்சிராணியிடம் இதைச் சொன்னபோது
கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"எங்க சந்துல தெனைக்கும் நடக்கறதுதான் சார்,
அத்துக்கு ஒரு மிஷினா?"
அப்புறம் கையை நிறுத்தினாள்.
"தானா கணக்கு சொல்லும், சரி.
தானா கட் பண்ணுமா?"

பண்ணும்.
"அது வேற டிபார்ட்மென்ட்டும்மா" என்றேன்.

நாற்பத்தொரு மீட்டர் மாட்டினோம்.
திரையில் கோடுகள் முளைத்தன.
எது எதன் வழியாகப் பேசுவது என்று
அவையே பார்த்துக்கொள்ளும், என்னைக் கேட்காது.
இரண்டு ராத்திரியில்
பத்தொன்பது வீட்டுக் கணக்கு
டெய்சிராணி வீட்டு வழியாகப் போக ஆரம்பித்தது.
சந்து திரும்புகிற முக்கு,
சிமென்ட் ஷீட் கூரை, வாசலைப் பார்த்த மீட்டர்.
டிரம் வாங்க அவளிடம் காசில்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்கு
பத்தொன்பதும் ஒன்றாக அணைந்தன.
கண்டெய்னரா, சாப்ட்வேரா,
மறுபடி உப்பா என்று ஓடினேன்.
பில்லர் பெட்டியைத் திறந்துவைத்து நின்றிருந்தார்
லைன்மேன் தேசப்பன்,
உள்ளங்கையில் ப்யூஸ் கட்டை.
"பில்லு பாக்கி சார்.
தடைக்காலத்துல போட்டு கரையில கெடந்தா
வருஷா வருஷம் இந்த வூட்ல இதான்."

ஒழுங்காகக் கட்டிய பதினெட்டு பேரும்
அதே கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.
லேப்டாப்பை அவர் முன்னால் பிடித்தேன்.
கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
"கட்டினவன் கணக்கு கட்டாதவ வூட்டு வழியா போவுதா?
நல்லாக் கீது உங்க படிப்பு."

பரிந்துரை என்ற தலைப்புக்குக் கீழே
மெஷ் என்று எழுதி, அடித்து,
மெஷ்ஷோடு பத்துக்கு ஒரு சிம் என்று எழுதி,
அதற்கும் கீழே சின்ன எழுத்தில்:
முக்கு வீட்டு இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது,
தொழில்நுட்பக் காரணம்.
ஆபீஸில் யாரும் அந்த எழுத்துவரை
படிக்க மாட்டார்கள் என்று தெரியும்.

தேசப்பன் கட்டையைத் திரும்பச் செருகினார்.
"சிக்னல் டெஸ்டிங்னு எளுதிக்கறேன்.
எத்தினி நாளைக்கு சார்?"
தடைக்காலம் எப்போது முடிகிறது என்று கேட்டேன்.
சொன்னார். அந்தத் தேதியையே போடச் சொன்னேன்.

ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின.
ஏசி வைத்த வீடு, வெல்டிங் பட்டறை, இட்லிக் கடை கிரைண்டர்.
எல்லாம் போனபிறகு அவளுடையது வந்தது:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு.
ஒரு ஃபேன்.
பல்பை இன்னும் போடவில்லை.